தகர பங்களாவில் ஞாயிறு பத்து மணி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கட்டாதது ஒரே ஒரு கேள்விதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

பதுளை பஸாரில் மொஹிதீன் நானாவின் மின்சாமான் கடையில் ஒரு பல்பு வாங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது. மடக்கிய குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மருந்துக்கடையில் பிள்ளைக்கு மருந்து கேட்கிற குரலில் அவள் கேட்டாள்:

"நானா, நாலு பக்கமும் தகரமா இருக்கிற வீட்டுக்குள்ள ரேடியோ கேக்கணும்னா என்னா செய்யணும்?"

அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்க நான் நிற்கவில்லை. பண்டாரவளை பஸ் ஹோர்ன் அடித்துவிட்டது, ஓடிப்போய் ஏறினேன். ஹாலிஎலயைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. வெறும் பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறவள் அந்தக் குரலில் கேட்கமாட்டாள். அவள் கேட்க நினைத்தது யாரோ ஒரு ஆளை.

[திருத்தம்: அடுத்த வாரம் மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். பல்பு சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தேன். "யாருன்னு தெரியா சேர். தெமோதரைப் பக்கம் ஒரு கரவன்ல இரிக்கிறாவாம்" என்றார் நானா. ஆக உண்மைகள் இரண்டு: ஒரு கேள்வி, ஒரு கரவன்.]

2

தொடக்கங்கள்.

"பனி மூடிய மலைச்சரிவில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத் தேயிலை—"

வேண்டாம். மலையகக் கதை என்றால் பனியில்தான் தொடங்கவேண்டும் என்று யாரோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பளத்தில் ஒரு நாள் முழுக்க நின்று கொழுந்து பறித்தவர் யாரும் அதைக் கம்பளம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"ஜெயந்தினிக்குத் தூக்கம் வரவில்லை. அவள்—"

ஏன் வராது? காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய் பெயர் கொடுத்து, மாலைவரை மலையில் நின்றவள் படுத்தால் தூங்கிவிடுவாள். துக்கப்படுகிறவர்கள் தூங்கமாட்டார்கள் என்பது எழுதுகிறவர்களின் சௌகரியம்.

பெயர் மட்டும் நிற்கட்டும். ஜெயந்தினி. கணவன் இராசையா முதல் வரைவில் இருந்தான், குடித்தான். தோட்டத்துக் கதைகளில் கணவன்மார் குடித்துக் குடித்து எனக்கே தலை சுற்றுகிறது. இவன் குடிக்காதவன். கரும்பு வேலைக்கு மொனராகலைக்குப் போயிருக்கிறான், மாதத்துக்கு ஒருமுறை வருவான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3

கரவனை விவரிக்கவேண்டும். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற வீடு அது; வெள்ளை அலுமினியப் பெட்டி. இரண்டு சக்கரம், வட்டமான மூலைகள், ரப்பர் வைத்து இறுக்கிய கண்ணாடி ஜன்னல்கள். பண்டாரவளைத் துணிக்கடைக்காரர் பர்ஹான், ரயில் பாதையைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று இதை வாங்கி, தெமோதரைக்குக் கீழே ஓடையோரப் பள்ளத்தில் நிறுத்தினார். கூரையில் ஒரு சோலார் தட்டும் வைத்தார். கார்த்திகை மழையில் மலை இறங்கியது. அதன் பிறகு வெள்ளைக்காரர் யாரும் வரவில்லை. ஜெயந்தினிதான் வந்தாள்.

அவள் குடியிருந்த வரிசை வீடான ஆறாம் நம்பர் லயத்தின் மேல் மலை இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில். ஆட்கள் எல்லாரும் தப்பினார்கள். சாமான்கள் மண்ணுக்குள் போயின. ஓடி வரும்போது ஆளுக்கொன்றைத் தூக்கினார்கள்: அடையாள அட்டை, தாலிக்கொடி, ஆடு. ஜெயந்தினி தூக்கியது ரேடியோவை. அவளுடைய போன் சுவரில் சார்ஜில் தொங்கிக்கொண்டிருந்தது. அது எட்டவில்லை; ரேடியோ எட்டியது. அதற்குமேல் காரணமில்லை. "எல்லாரும் உசிர தூக்கிட்டு ஓடுறாங்க, இவ பாட்டத் தூக்கிட்டு ஓடியாறா" என்று பிறகு தங்கவைத்த முகாமில் ஒரு மாதம் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அந்தப் போனோடு போனது ஒரு நம்பர். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன மகள் மதுஷா எப்போதாவது கூப்பிட்டால் வந்து சேரவேண்டிய நம்பர். மதுஷாவுக்கு இருபத்துமூன்று வயது. மழைக்கு மூன்று மாதத்துக்கு முன்பிருந்தே அவளிடமிருந்து பேச்சில்லை. இப்போது அவள் கூப்பிட்டாலும் மண்தான் எடுக்கும்.

பர்ஹான் நல்ல மனிதர். "சும்மாதானே கிடக்கு, இருந்து பாத்துக்கோங்க" என்று சாவியைக் கொடுத்தார். இரண்டு நிபந்தனைகள் மட்டும் போட்டார். ஞாயிறு காலை இடத்தைவிட்டு நகரக்கூடாது, அன்றைக்குத்தான் யாராவது இடம் பார்க்க வருவார்கள். கரவனின் உடம்பில் ஒரு ஓட்டைகூடப் போடக்கூடாது. தோட்டத்துச் சனங்கள் அதற்குத் 'தகர பங்களா' என்று பெயர் வைத்தார்கள்.

4

இனி ரேடியோ.

தை மாதத்தில், தெமோதரை ஸ்டேஷனில் ஹல்துமுல்லைப் பெண் ஒருத்தி ஜெயந்தினியைத் தேடி வந்தாள். குவைத்திலிருந்து திரும்பியவள். மதுஷா இருக்கும் தெருவில் வேலை செய்தவள்.

"அவளோட போனை வீட்டுக்கார அம்மா வாங்கி வச்சிக்கிட்டாங்க அக்கா. குப்பை போட வர்றப்ப இன்னொரு புள்ளையோட போன்ல பேசிப் பதிஞ்சா. உங்க நம்பருக்குப் போகவே இல்ல. அதனால ரேடியோவுக்கு அனுப்பிட்டாங்க. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வெளிநாட்டுல இருக்கிறவங்க குரல் போடுவாங்களே, அதுக்கு."

"என்னா பேசினா?"

"நான் கேக்கல அக்கா. அதுக்குள்ள எனக்கு டிக்கட் வந்திரிச்சி."

[வாசகர்களில் கெட்டிக்காரர்கள் இந்நேரம் கையைத் தூக்கியிருப்பீர்கள். போன் கொடுத்த பெண்ணின் நம்பர்? இவளிடம் இல்லை. ரேடியோ நிலையம்? ஜெயந்தினி புதிதாக வாங்கிய பட்டன் போனை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறிக் கூப்பிட்டாள்; "நெறைய குரல் இருக்கு அம்மா, வரிசையா போகும், கேட்டுக்கிட்டே இருங்க" என்றார்கள். இன்டர்நெட்? அந்தப் பள்ளத்தில் பட்டன் போனே தலைகீழாக நிற்கிறது. ஓட்டைகளை அடைத்துவிட்டேன், கையைக் கீழே போடுங்கள்.]

ஆறாம் நம்பர் லயத்தில் ரேடியோ கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. பன்னிரண்டு காம்பரா வீட்டுக்கும் நீளமாக ஒரே தகரக் கூரை. ஒவ்வொரு காம்பராவிலும் ரேடியோவின் கம்பியிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கூரைத் தகரத்து ஆணியில் சுற்றிவிடுவார்கள். லயம் முழுதும் ஒரே ஏரியல். கூரையில் யாராவது மிளகாய் காயப்போட ஏறினால் பன்னிரண்டு வீட்டுப் பாட்டும் இரையும். பன்னிரண்டு வீட்டிலிருந்தும் ஏச்சு விழும்.

தகர பங்களாவிலும் அவள் அதையேதான் செய்தாள். உள்சுவர்த் தகட்டில் ஒரு திருகாணியைத் தளர்த்தி வயரைச் சுற்றினாள். கூரை மட்டும் தகரமாக இருந்தபோதே அவ்வளவு கேட்டது. இது முழுக்கத் தகரம், இன்னும் நன்றாகக் கேட்கும் என்று கணக்குப் போட்டாள். நானும் கணக்கு வாத்தியார்தான். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதே கணக்கைத்தான் போட்டிருப்பேன்.

சூடான எண்ணெயில் கடுகு போட்ட சத்தம்தான் வந்தது. ரேடியோவை வெளியே எடுத்துவந்தாள். பள்ளத்தில் கடுகு கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். அதோடு மழையும் வந்தது. மூன்று ஞாயிறுகள் அப்படியே போயின. கடுகுக்குள்ளே யார் யாரோ யார் யாரையோ கூப்பிட்டார்கள். அம்மா, அப்பா, மகனே. ஒவ்வொரு குரலுக்கும் அவள் ரேடியோவில் காதை வைத்தாள்.

5

ரெங்கம்மா என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது. முதலில் அவளைப் பொல்லாதவளாக எழுதிப் பார்த்தேன். ஒத்துவரவில்லை.

ரெங்கம்மா ஜெயந்தினிக்கு மதினி முறை. லயத்தில் அடுத்த காம்பரா. இப்போது தோட்டத்தின் மேல் டிவிஷனில் தம்பி வீட்டில் இருக்கிறாள். உயரமான இடம், ரேடியோ கணீரென்று கேட்கும். "நீங்க கேட்டுச் சொல்லுங்க மதினி" என்று ஜெயந்தினி சொல்லி வைத்திருந்தாள்.

பர்ஹானிடம் ஒரு ஞாயிறு அனுமதி வாங்கிக்கொண்டு அவளே அங்கே போய் உட்கார்ந்திருக்கலாமே? ரெங்கம்மாவும் இதைத்தான் கேட்டாள். ஜெயந்தினி சொன்ன பதிலை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன்.

"ஒங்க வீட்டுல ஒம்பது பேரு மதினி. அவ ரேடியோவுல அழுதுட்டான்னா, அத்தன பேருக்கு நடுவுல நான் என்னா செய்வேன்?"

மூன்றாவது ஞாயிறு மாலை மேலிருந்து ஆள் வந்தது. ஜெயந்தினி செருப்புக்கூடப் போடாமல் ஏறினாள். ரெங்கம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"பேசிட்டாடி ஒம் மக! நான் அடுப்படியில இருந்தேன், அகப்பையோட ஓடியாந்தேன்."

"என்னா சொன்னா?"

"நல்லா இருக்கேன்னா. வீட்டுக்கார அம்மா தங்கமானவங்களாம். சித்திரைக்கு வந்துருவேன்னா. ஒன்னய நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னா."

"என்னய எப்பிடிக் கூப்பிட்டா?"

"எப்பிடிக் கூப்பிடுவா? 'அன்புள்ள அம்மா, நான் மதுஷா பேசுகிறேன்'னுதான்."

ஜெயந்தினி வாசலிலேயே உட்கார்ந்தாள். கொடுத்த பிளேன்டீயைக் குடித்தாள். மதுஷா பிறந்ததிலிருந்து அவளை அம்மா என்று கூப்பிட்டதில்லை. வீட்டில் பெரியவர்கள் ஜெயந்தினியைப் 'புள்ள' என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டுக் குழந்தையும் அதையே பிடித்துக்கொண்டது. இருபது வயதிலும் 'ஏ புள்ள, சோறு போடு' என்றுதான். ஸ்டேஷனில் பெட்டியோடு நின்றபோதும், 'அழாத புள்ள'. ரெங்கம்மாவுக்கும் இது நன்றாகத் தெரியும். ஆனால் இல்லாததைக் கட்டிச் சொல்லும்போது எல்லாரும் கொஞ்சம் இலக்கணமாகிவிடுகிறோம். எனக்கு அது தொழில். அவளுக்கு அன்றைக்கு மட்டும்.

ஒவ்வொரு ஞாயிறும் "வந்திச்சா மதினி?" என்று ஏறி வருகிறவளுக்கு "வரல" என்று சொல்லிச் சொல்லி ரெங்கம்மாவுக்குப் பொறுக்கமுடியவில்லை. அவ்வளவுதான் குற்றம்.

இறங்கி வரும்போது ஜெயந்தினிக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. பொய் என்றால் மதுஷாவின் குரல் இன்னும் வரவில்லை. வரவில்லை என்றால் தவறவில்லை. இனிமேல்தான் வரப்போகிறது! தேயிலைக்கு நடுவில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஓடைப் பாலத்தில் கால் வைத்ததும் சிரிப்பு நின்றது. நாடு முழுக்கக் கேட்கிற ரேடியோவில் எந்தப் பெண் தாயைப் 'புள்ள' என்பாள்? கூச்சப்பட்டு அம்மா என்றே சொல்லியிருக்கலாம். அப்படியானால் மதினி சொன்னது மெய். அப்படியானால் மகளின் குரல் வந்து, அவள் கடுகு கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மலைக்கு மேலாகப் போய்விட்டது.

நிலையத்துக்கு மறுபடியும் கூப்பிட்டாள். எது போனது, எது போகவில்லை என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. கேட்டுக்கிட்டே இருங்க என்றார்கள். இதற்குப் பிறகுதான் அவள் பதுளைக்கு பஸ் ஏறினாள். நான் பல்பு வாங்கிக்கொண்டிருந்தேன்.

6

(இந்தப் பகுதி தேவைதானா என்று தெரியவில்லை. தாண்டிப் போகிறவர்கள் போகலாம்.)

எனக்கு ஒரு தம்பி. தயாபரன். இத்தாலியில் இருக்கிறான். ஒரு சின்ன விஷயத்தில் வாய் தடித்து நான்கு வருடமாகப் பேச்சில்லை. அவனுடைய நம்பர் என் போனில் இருக்கிறது. என் வீட்டில் சிக்னலுக்குக் குறைவில்லை. குளியலறையில்கூட முழுசாகக் கிடைக்கும். மலைக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒருத்தி வயரோடு மல்லுக்கட்டுகிறாள் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன், என் கைக்கெட்டும் தூரத்தில் போன் கிடக்கிறது. அவன் குரலைக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது. இதை இதுவரை யாரிடமும்—

சரி, கடைக்குப் போவோம்.

7

"உள்ள கட்டினா ஒண்டும் வராது தங்கச்சி" என்றார் மொஹிதீன் நானா. [நான் பஸ்ஸுக்கு ஓடிய பிறகு நடந்தது இது. அவர் எனக்குப் பிற்பாடு சொன்ன வைத்தியத்தை அவர் வாயிலேயே போட்டிருக்கிறேன்.]

"கூரைத் தகரத்திலதானே நானா நாங்க எந்நாளும் கட்டுவோம்?"

"லயத்தில தகரம் மேல மட்டும். பக்கத்தால எல்லாம் உள்ள வரும். இது மூடின பெட்டி. வாறதெல்லாம் வெளித் தகட்டோட போயிரும். ஏரியல் வெளிய நிக்கோணும்."

ஒரு துண்டு அட்டையில் படம் போட்டுக் காட்டினார். டீவிக்குப் போடுகிற கேபிள் வயர் பத்து யார் நீளம். அதன் நுனியில் இரண்டு செம்புக் கம்பி, ஒவ்வொன்றும் இரண்டரை அடி, இரண்டு கையையும் நீட்டின மாதிரி. ஒரு கைக்கு நடுக்கம்பி, மறு கைக்கு வெளிப்பின்னல், இரண்டும் ஒட்டக்கூடாது. மூங்கிலில் கட்டி, எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரம். கையை நீட்டி நிற்கிறவரின் நெஞ்சு, ஒலிபரப்புக் கோபுரம் இருக்கிற நமுனுகுலை மலையைப் பார்க்கிற மாதிரி இருக்கவேண்டும்.

"இன்னொண்டு. கேக்கிற நேரம் அந்த சோலார் பெட்டிய நிப்பாட்டுங்க, பல்பையும் நிப்பாட்டுங்க. அதுதான் பாதி இரைச்சல். ரேடியோவுக்கு பெட்டரி போடுங்க."

வயரை உள்ளே கொண்டுபோவதுதான் பாடு. ஓட்டை போடக்கூடாது. ஜன்னல் ரப்பருக்குள் நுழைத்தால் கண்ணாடி மூடவில்லை, சாரல் அடித்தது. அரை நாள் கரவனைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சட்டி கழுவும் தொட்டியில் தண்ணீர் ஊற்றியபோது, அது சக்கரத்துக்குப் பக்கத்தில் நேராக மண்ணில் விழுவதைப் பார்த்தாள். குழாயே பூட்டாத வெறும் துவாரம்! குப்புறப் படுத்து, சேற்றில் கையை நீட்டி, வயரைக் கீழிருந்து மேலே தள்ளினாள். வயர் பாத்திரத் தொட்டிக்குள் தலையை நீட்டியது. இந்த யோசனை எனக்கு வந்ததல்ல, அவளுக்குத்தான் வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனாலும் அப்படித்தான், ஜன்னலோடு நான் திண்டாடிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மாலை மூங்கிலை ஓடைக்கரைப் பலாமரத்தில் ஏற்றிக் கட்டினாள். சோலாரை நிறுத்தினாள். ரேடியோவைத் திருகினாள்.

பாத்திரம் துலக்கும் தூள் விளம்பரம் ஒன்று, ஒரு எழுத்துகூட உதிராமல் கரவன் முழுக்க நிறைந்தது. ஜெயந்தினி தரையில் உட்கார்ந்து அந்த விளம்பரத்துக்காக அழுதாள்.

8

முடிவுகள்.

முதலாவது: ஞாயிறு பத்து மணி. மதுஷா பேசுகிறாள். நல்லா இருக்கேன், சித்திரைக்கு வர்றேன் என்கிறாள். எழுதிப் பார்த்தேன். பார்த்தால், வரிக்கு வரி ரெங்கம்மா சொன்னதுதான். நானும் மதினி வேலைதான் பார்த்திருக்கிறேன். கிழித்தேன்.

இரண்டாவது: குரல் வரவில்லை. ஜெயந்தினி ரேடியோவை அணைத்துவிட்டு அடுத்த ஞாயிறுக்குக் காத்திருக்கிறாள். இது கௌரவமான முடிவு. இலக்கியக் கூட்டத்தில் தலையாட்டுவார்கள். ஆனால் அந்தப் பெண்ணைச் சேற்றில் குப்புறப் படுக்கவைத்தவன் நான். எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது: குரல் வருகிற சமயம் பெட்டரி தீர்ந்துவிடுகிறது. சீ! இதை யோசித்ததற்கே வெட்கப்படுகிறேன்.

ஆகவே எனக்குத் தெரிந்தவரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

9

ஞாயிறு, பத்துக்கு ஐந்து நிமிடம். கதவு தட்டப்பட்டது. ரெங்கம்மா. கால் முழுக்கச் சேறு. மேலிருந்து பலாமரத்து மூங்கிலைப் பார்த்துவிட்டு இறங்கி வந்திருக்கிறாள். வாசல் படியில் ஏறாமல் நின்றாள்.

"நான் வரட்டுமா, போகட்டுமா?"

"உள்ள வாங்க மதினி."

அந்தச் சின்னக் கட்டிலில் இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். பல்பை நிறுத்தியிருந்ததால் உள்ளே மங்கலாக இருந்தது. நிகழ்ச்சியின் இசை வந்தது. முதல் குரல், துபாயிலிருந்து ஒரு மகன். இரண்டாவது, ரியாத்திலிருந்து ஒரு கணவன். அறிவிப்பாளர் இடையில் ஒரு பாட்டைப் போட்டார். ரெங்கம்மாவின் முந்தானை அவள் விரலில் சுற்றிச் சுற்றிக் கயிறாகிவிட்டது.

"ஜெயந்தினி, அன்னைக்கி நான் ஒங்கிட்ட சொன்னது—"

"தெரியும் மதினி."

"இல்லடி, நான் வந்து—"

"பேசாதீங்க மதினி. பாட்டு முடியப் போவுது."

அவள் ரெங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் இருந்த கை அப்படிப் பிடிக்காது. ரெங்கம்மாவுக்கு அது தெரிந்தது. பாட்டு முடிந்தது. "அடுத்து, குவைத்திலிருந்து" என்றார் அறிவிப்பாளர். "தெமோதரையில் இருக்கும் தன் தாயாருக்காக, மதுஷா."

முதலில் குரல் வரவில்லை. தூரத்தில் ஒரு வாகனம் போகிற சத்தம். ஒரு இரும்பு மூடி விழுகிற சத்தம். பிறகு, பேசப்போகிறவள் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம்.

"அவதான்" என்றாள் ஜெயந்தினி.

பேச்சு வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள். அந்த மூச்சு போதும் அவளுக்கு. எனக்கும் அதுவரைக்கும்தான் தெரியும். இதற்கு மேல் மதுஷாவின் வாயில் நான் எந்த வார்த்தையை வைத்தாலும் அது என் வார்த்தையாகிவிடும். அந்தத் தாய் இத்தனை மாதம் காத்திருந்தது என் வார்த்தைக்காக அல்ல. உங்களுக்கும் தூரத்தில் ஒருவர் இருப்பார். அவர் வாயைத் திறந்தால் முதலில் என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரியும். மிச்சத்தை நீங்கள் கேளுங்கள். தயவுசெய்து கொஞ்சம் சத்தம் போடாமல் கேளுங்கள், பக்கத்தில் இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.